பைக்கை ஏற்றிப் போக எது சரி: குட்டியானையா, பிக்கப்பா, டிராக்டர் டிரெய்லரா?

பைக்கை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக வேண்டும் என்றதும் முதலில் விசாரிப்பது வாடகையைத்தான். குட்டியானைக்கு (டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டி) ஒரு விலை, பொலிரோ பிக்கப்புக்கு ஒரு விலை. கிராமமாக இருந்தால் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் டிரெய்லர் டீசல் காசுக்கே வந்துவிடும். ஏற்றப் பலகை இருக்கிறதா, கட்ட என்ன இருக்கிறது என்பதெல்லாம் வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். ஹேண்டில்பார் வளைவதும், டேங்கில் பள்ளம் விழுவதும், பாதிப் பலகையில் ஆளோடு சேர்ந்து பைக் சாய்வதும் பெரும்பாலும் அந்த ஞாபக மறதியில்தான் தொடங்குகின்றன. ஆகவே இங்கே வாடகைப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, ஏற்றுவதையும் கட்டுவதையும் வைத்தே மூன்றையும் ஒப்பிடுவோம்.

கணக்குக்கு ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்ளலாம். எடை 195 கிலோ, நீளம் 2145 மி.மீ., முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவுக்கு 1390 மி.மீ. இதைச் சரியாக ஏற்றத் தெரிந்தால் 112 கிலோ ஸ்பிளெண்டர் பெரிய விஷயமில்லை. ஸ்கூட்டர் எடை குறைந்ததுதான், ஆனால் கட்டும்போது அதுதான் அதிகம் படுத்தும். அதைப் பிறகு பார்ப்போம்.

தளம் எவ்வளவு உயரம்?

தரையிலிருந்து தளம் குட்டியானையில் 70 செ.மீ., பிக்கப்பில் 85 செ.மீ., டிராக்டர் டிரெய்லரில் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாடலுக்கு மாடல் மாறும், டேப் வைத்து அளந்துவிடுவது உத்தமம். பலகை மேல் பைக்கைத் தள்ளத் தேவையான பலம் எளிய கணக்கு: பைக்கின் எடையை உயரத்தால் பெருக்கிப் பலகையின் நீளத்தால் வகுத்தால் போதும். எட்டடிப் பலகை போட்டால் கிளாசிக்கைக் குட்டியானையில் ஏற்ற 56 கிலோ தள்ள வேண்டும். அதே பலகையில் பிக்கப்புக்கு 68 கிலோ, டிரெய்லருக்கு 80 கிலோ. கிடைத்தது ஐந்தடிப் பலகைதான் என்றால் குட்டியானைக்கே 90 கிலோவை நெருங்குகிறது. இரண்டு பேர் மூச்சுப்பிடித்துத் தள்ளினாலும் நடுவில் நின்றுபோகும் எடை அது.

தள்ளும் பலம் ஒரு பாதிதான். மறுபாதி, பலகை முடிந்து தளம் தொடங்கும் முனையில் இருக்கிறது. முன் சக்கரம் தளத்தில், பின் சக்கரம் பலகையில் இருக்கும்போது பைக்கின் வயிறு அந்த முனையில் தட்டும். ஐந்தடிப் பலகையில் சரிவு 27 டிகிரிக்கு மேல்; அந்தக் கோணத்தில் முனை, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 17 செ.மீ. உயரத்துக்கு வந்து நிற்கும். கிளாசிக்கின் தரை இடைவெளியும் அதே 17 செ.மீ.தான். சென்டர் ஸ்டாண்டோ சைலென்சரோ அங்கே மாட்டிக்கொண்டால் முன்னாலும் தள்ள முடியாது, பின்னாலும் இழுக்க முடியாது. எட்டடிப் பலகையில் சரிவு 17 டிகிரியாகக் குறைகிறது, முனையும் 10 செ.மீ. அளவில் அடங்கிவிடுகிறது. தள உயரத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத பலகை என்று கேட்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கணக்கின்படி ஒரே ஒரு பைக்குக்குக் குட்டியானையே முதல் தேர்வு. சுமைத்திறன் முக்கால் டன், தளம் ஏறத்தாழ 2200 மி.மீ.க்கு 1490 மி.மீ. கிளாசிக்கை நேராக நிறுத்தினால் பின்கதவு மயிரிழையில் மூடும். "பெரிய வண்டியாக எடுத்தால் பத்திரம்" என்று பிக்கப்புக்குக் கூடுதல் வாடகை கொடுப்பவர்கள் அந்தப் பணத்தில் நல்ல பலகையும் நான்கு பெல்ட்டும் வாங்கலாம். ஒரு பைக்குக்காகப் பிக்கப் பிடிப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒன்றேகால் டன்னுக்கு மேல் தாங்கும்படி போட்ட பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் 195 கிலோவுக்கு அசைந்துகூடக் கொடுக்காது; ஒவ்வொரு வேகத்தடையிலும் தளம் பைக்கைத் தூக்கித் தூக்கிப் போடும்.

பிக்கப்பின் இடம் இரண்டு மூன்று பைக் சேரும்போதுதான். எட்டு முதல் பத்தடித் தளத்தில் ஒன்றின் தலையும் அடுத்ததன் வாலும் அருகருகே வரும்படி மாற்றி மாற்றி நிறுத்தினால் ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று இடிக்காது. நடுவில் பழைய போர்வையோ அட்டையோ கொடுத்து, ஒவ்வொரு பைக்கையும் தனித்தனியாகத் தளத்தோடு கட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே கயிற்றில் பிணைத்தால் ஒன்று சாயும்போது மூன்றும் சாயும்.

டிராக்டர் டிரெய்லரை ஊருக்குள், வயல் வழியில் நின்றுபோன வண்டியை மெக்கானிக் கடைவரை கொண்டுபோக மட்டும் வைத்துக்கொள்ளலாம். டன் கணக்கில் கரும்பும் நெல்லும் ஏற்றுவதற்கென்று செய்தது. வெறும் டிரெய்லர் மண்சாலையில் எப்படித் துள்ளும் என்று பின்னால் உட்கார்ந்து போனவர்களைக் கேட்டால் தெரியும். இரண்டு சக்கர டிரெய்லர் என்றால் பைக்கை அச்சுக்கு முன்னால், டிராக்டர் பக்கமாக நிறுத்த வேண்டும். எடை அச்சுக்குப் பின்னால் போனால் இழுவைக் கம்பி மேலே எழும்ப முயலும். காருக்குப் பின்னால் இழுக்கும் சிறிய டிரெய்லரில் இது இன்னும் மோசம். வேகம் கூடும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், பிரேக் போட்டால் ஆட்டம் பெருகும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது இணைப்புக் கொக்கியில் அழுந்த வேண்டும் என்பது அந்த வகை டிரெய்லருக்கு அமெரிக்காவில் பரவலாகச் சொல்லும் அளவு. விவசாயப் பயன்பாட்டுக்குப் பதிவான டிரெய்லரை வாடகைக்கு ஓட்டினால் விபத்தின்போது காப்பீட்டில் சிக்கல் வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பலகையா, மேடா, ஆள் பலமா?

மூட்டை முடிச்சு ஏற்றும் ஆட்கள் பெரும்பாலும் நாலு பேராகத் தூக்கித்தான் ஏற்றுகிறார்கள். ஸ்பிளெண்டருக்கு அது சரி. ஆனால் எங்கே கைவைக்கிறார்கள் என்று கவனியுங்கள். மட்கார்டு, இண்டிகேட்டர், சூடு ஆறாத சைலென்சர் இவற்றில் கை போகக்கூடாது. முன்னால் ஃபோர்க்கின் அடிப்பாகம், பின்னால் சீட்டுக்குப் பின் உள்ள இரும்புப் பிடி, பின் ஃபுட்ரெஸ்ட் பொருத்திய சட்டம் ஆகியவை எடை தாங்கும். கிளாசிக் போன்றவற்றை இப்படித் தூக்குவது இடுப்புக்குக் கேடு. ஒருவர் கை நழுவினால் மொத்தமும் எதிரே நிற்பவர் காலில்.

மேடு கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. வாய்க்கால் கரை, சாலையோர மேடு, சரக்கு இறக்கும் திண்ணை எதுவானாலும் வண்டியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினால் தளத்துக்கும் தரைக்கும் உயர வேறுபாடு ஒரு சாணாகக் குறையும். இறக்கும் இடத்திலும் அப்படி ஒரு மேடு இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

மரப்பலகை என்றால் 2 அங்குலக் கனம், 10 அங்குல அகலம், கண் விழாத மரம். கட்டட வேலைக்கு வந்த ஒரு அங்குல சென்ட்ரிங் பலகை நடுவில் வளைந்து ஒடியும். மடக்கும் அலுமினியச் சாய்தளம் கைக்கு அடக்கமானது. வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் தாங்குதிறன் ஒன்றுக்கா, சோடிக்கா என்று பாருங்கள். சோடிக்கு எழுதிய எண்ணை நம்பி ஒன்றை மட்டும் போட்டு பைக்கை ஏற்றினால் பாதிதான் தாங்கும். எதுவானாலும் மேல்முனை தளத்தின் விளிம்பில் உட்கார வேண்டும். திறந்து தொங்கும் பின்கதவின் மேல் வைத்தால் கதவின் கீல்தான் பைக்கைச் சுமக்கும். அதற்காகச் செய்த கீல் அல்ல அது. வைத்த பிறகு பலகையைத் தளத்தோடு கட்டுங்கள். எஞ்சின் பலத்தில் ஏறும்போது பின் சக்கரம் பலகையைப் பின்னுக்கு உதைக்கும், கட்டாத பலகை விளிம்பிலிருந்து வழுக்கி விழும். ஏற்றும்போது நடக்கும் விபத்துகளில் அடிக்கடி காண்பது இதைத்தான்.

இரண்டாவது பலகை ஒன்று வேண்டும், நடப்பவருக்கு. பலரும் இதை வீண் என்று நினைக்கிறார்கள். பைக்கை இடப்பக்கம் பிடித்துத் தரையில் நடந்தே தள்ளினால், முன் சக்கரம் தளத்தைத் தொடும் நேரத்தில் ஹேண்டில்பார் உங்கள் நெற்றி உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் 195 கிலோ சாய்ந்தால் யாராலும் பிடிக்க முடியாது. பலகை இல்லையென்றால் தளத்தின் மேல் ஒருவர் முன்கூட்டியே நின்று, முனையில் ஹேண்டில்பாரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில், பாதி கிளட்சில், பக்கத்தில் நடந்தபடி ஏற்றுவது ஒரு வழி. மேலே இருப்பவர் ஃபோர்க்கில் கட்டிய கயிற்றை இழுக்க, கீழே இருவர் தள்ளுவது இன்னொரு வழி. கிளட்ச் கைப்பழக்கம் உள்ளவருக்கு முதலாவது எளிது, மற்றவர்களுக்கு இரண்டாவது. சீட்டில் உட்கார்ந்து ஓட்டி ஏற்றுவது யாருக்கும் வேண்டாம். நின்றுவிட்டால் ஊன்றக் கால் எட்டாது.

நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் முன் பிரேக்கை நம்பாதீர்கள். மேல்நோக்கி நிற்கும் பைக்கின் எடை பின் சக்கரத்தில்தான் இருக்கும். முன் சக்கரம் பூட்டினாலும் பலகையில் வழுக்கியபடியே கீழே வரும். எஞ்சினை அணைத்து, கியரிலேயே விட்டு, கிளட்சை விடுங்கள். பின் சக்கரம் கல் மாதிரி நிற்கும். ஸ்கூட்டருக்குக் கிளட்ச் இல்லை, இடது கை பிரேக்தான் துணை. மின்சார ஸ்கூட்டரைப் பவரை அணைத்துவிட்டே தள்ளுங்கள். பிடிக்கும் அவசரத்தில் ஆக்சிலரேட்டர் லேசாகத் திருகினாலும் அது சத்தமில்லாமல் பாயும்.

கயிறா, பெல்ட்டா?

சந்தையில் சுலபமாகக் கிடைப்பது பளபளக்கும் பிளாஸ்டிக் கயிறு. லாரிக்காரர்கள் போடும் இழுப்பு முடிச்சு தெரிந்தவர் கையில் அது இருபது முப்பது கிலோமீட்டருக்குப் போதும். தெரியாதவர் போட்ட முடிச்சு முதல் வேகத்தடையிலேயே தளரும். காரணம் கயிற்றின் பலக்குறைவு அல்ல. அது நீளும், வழுக்கும். வண்டி குதிக்கும்போது முன் ஷாக் அமுங்கி ஒரு நொடி கயிறு தொய்யும், உடனே சுண்டும். இப்படி நூறு முறை தொய்ந்து சுண்டினால் எந்த முடிச்சும் வாய்திறக்கும்.

பாலியெஸ்டர் ராட்செட் பெல்ட் (பல்சக்கரப் பிடியால் பல் பல்லாக இறுக்குவது) அவ்வளவாக நீளாது, முடிச்சும் இல்லை. பைக்குக்கு 25 மி.மீ. அகலப் பெல்ட் போதும். அதில் தைத்த லேபிளில் எல்.சி. (எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்ற அளவு) என்று ஓர் எண் இருக்கும். டெக்கா நியூட்டனில் அது 250 என்றால் நேர் இழுப்பில் ஏறத்தாழ 250 கிலோ தாங்கும் என்று பொருள். லேபிளே இல்லாத பெல்ட்டை வாங்க வேண்டாம். சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பிய நெறி, பிரேக் பிடிக்கும்போது எடையில் 80 சதவீதம் முன்னுக்கும், வளைவில் 50 சதவீதம் பக்கவாட்டிலும் தள்ளும் என்று வைத்துக் கணக்கிடுகிறது. கிளாசிக்குக்கு அது முறையே 156 கிலோ, 98 கிலோ. முன்னோக்கிய தள்ளலை, சக்கரம் முட்டி நிற்கும் கேபின் பக்கச் சுவர் வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டுக்கும், பின்னோக்கிய இழுப்புக்கும் நான்கு பெல்ட் தாராளம். அறுந்துபோவது பெரும்பாலும் பெல்ட்டும் அல்ல, அதை மாட்டிய இடம்தான்.

குட்டியானையின் வெளிப்பக்கத்தில் வரிசையாக இருக்கும் சிறு கொக்கிகள் தார்பாய் கட்டுவதற்கு. மெல்லிய கம்பியை ஒட்டுவைத்தவை. அவற்றில்தான் கட்ட முடியும் என்றால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பிரித்துக் கட்டுங்கள். பெல்ட் பக்கப் பலகையின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் பழைய டியூப் துண்டை மடித்து வையுங்கள். தகர விளிம்பு நூறு கிலோமீட்டரில் பெல்ட்டை அறுத்துவிடும். உள்ளே தளத்தில் வளையம் இருக்கும் வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். வண்டி பேசும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

முன் பெல்ட் இரண்டையும் ஹேண்டில்பார் முனையில் மாட்டாதீர்கள். பிடி திரும்பும், கேபிள் நசுங்கும். ஹெட்லைட்டுக்குக் கீழே இரண்டு ஃபோர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையில் துணிவளையம் போட்டு, அதில் கொக்கியை மாட்டி, இருபுறமும் முன்னோக்கிச் சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரியில் இழுங்கள். பிரேக் குழாய் நடுவில் சிக்கவில்லையே என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், இடமும் வலமுமாக நாலு நாலு பல் ஏற்றி வாருங்கள். பைக் நிமிர்ந்தபடி ஷாக் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். கிளாசிக்கின் 130 மி.மீ. அசைவில் அது 4 செ.மீ. சொச்சம். அமுங்கிய அந்த ஸ்பிரிங்தான் வழியெல்லாம் பெல்ட்டை விறைப்பாக வைத்திருப்பது. ராட்செட்டில் பலம் வெகு எளிதாகக் கிடைப்பதால் ஆர்வக்கோளாறில் அடிவரை அமுக்கிவிடுகிறார்கள். அப்புறம் ஷாக்குக்கு அசைய இடமில்லாமல் குலுக்கல் முழுவதும் ஆயில் சீலுக்கும் கொக்கிக்கும் போகிறது.

பின்னால் இரண்டு பெல்ட், பின் ஃபுட்ரெஸ்ட் சட்டத்திலிருந்து பின்னோக்கிச் சாய்வாக. இவற்றின் வேலை பின்பக்கம் துள்ளி நகராமல் பார்ப்பது மட்டுமே, முன்னால் அளவு இறுக்கம் தேவையில்லை. வாய் திறந்த எஸ் கொக்கி என்றால் ஒரு சைக்கிள் டியூப் துண்டால் வாயைக் கட்டிவிடுங்கள். மிச்சப் பெல்ட்டைச் சுருட்டிக் கட்டுங்கள். காற்றில் அடித்துக்கொண்டே வந்தால் பெயிண்டை உரித்துவிடும்.

ஸ்டாண்ட் விஷயத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். சென்டர் ஸ்டாண்ட் பைக் முன்னோக்கி நகர்ந்தால் மடங்கும்படி செய்தது. சடன் பிரேக்கில் அப்படித்தான் மடங்கும். சைட் ஸ்டாண்டில் நிறுத்தி எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டுவது பழைய வழக்கம். அதில் பைக்கின் எடையும் பெல்ட்டின் இழுப்பும் ஒரே ஆணியில் விழுகின்றன. இரண்டு சக்கரத்திலும் நிமிர்ந்து நிற்க, ஸ்டாண்ட் மடங்கியிருக்க, முதல் கியரில், ஹேண்டில்பார் நேராக, லாக் போடாமல் கட்டுவதுதான் சரி. சிறு தளத்தில் மூலைவாக்கில் நிறுத்துவதும் உண்டு. முன் சக்கரம் மூலையில் ஆப்பு வைத்தது போல உட்கார்ந்துவிடும், அது நல்லது. ஆனால் இரண்டு முன் பெல்ட்டும் ஒரே கோணத்தில் வராது, குறுகிய பக்கம் அதிகம் இழுத்துவிடும். ஆப்புக் கட்டை கையில் இருந்தால் நேராக நிறுத்துவதே மேல்.

ஸ்கூட்டருக்கு வருவோம். ஹேண்டிலைச் சுற்றிப் பிளாஸ்டிக், பக்கமெல்லாம் பிளாஸ்டிக். பேனல் மேல் பெல்ட் போனால் விரிசல் நிச்சயம். முன்னால் ஃபோர்க்கின் அடிப்பகுதியில் துணிவளையம், பின்னால் கிராப் ரெயில் பொருத்திய இரும்பு, நடுவில் கால்வைக்கும் தளத்தின் மேல் சாக்கு மடித்துப் போட்டுக் குறுக்கே ஒரு பெல்ட். இந்த நடுப் பெல்ட்தான் ஸ்கூட்டரைப் பிடித்து வைக்கிறது. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

வழியில்

டேங்கில் கால்பாகத்துக்கு மேல் பெட்ரோல் வேண்டாம். ரயில் பார்சலில் போட்டால் டேங்கையே காலிசெய்யச் சொல்வார்கள். சென்னையிலிருந்து தில்லி அளவுக்குத் தூரமென்றால் ரயிலையோ, கண்டெய்னரில் பைக் மட்டும் ஏற்றும் நிறுவனங்களையோ பார்ப்பது குட்டியானையைவிட மலிவு. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள்.

பைக்கைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஒரு பையனை ஏற்றிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. சரக்கு வண்டித் தளத்தில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. 98 கிலோ பக்கவாட்டு இழுப்பை ஒரு பையன் பிடிக்க மாட்டான், பைக்குக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் நசுங்குவான். பின்கதவைத் திறந்து போட்டுச் சக்கரம் வெளியே நீட்டியபடி போவதற்கும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதித்த அளவைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம். இறக்கி வைக்கும் செலவு தனி.

காப்பீட்டில் பலர் அறியாத நல்ல செய்தி ஒன்று. முழுக் காப்பீடு எடுத்திருந்தால், பைக்கைச் சாலையிலோ ரயிலிலோ ஏற்றிக் கொண்டுபோகும்போது ஏற்படும் சேதமும் அதன் வழக்கமான வாசகத்துக்குள்ளேயே அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் இல்லை. ஏற்றுவதற்கு முன்னும் கட்டிய பின்னும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவைப்பது அப்போது உதவும். ஆர்.சி., காப்பீட்டு நகலை ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள்.

புறப்பட்டு 10 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி நான்கு பெல்ட்டையும் தட்டிப் பாருங்கள். பைக் தளத்தில் தன் இடத்தைத் தேடி உட்காரும் தூரம் அது. ஒன்றிரண்டு பல் கட்டாயம் ஏற்ற வேண்டியிருக்கும். அதன்பிறகு டீக்கு நிற்கும் இடமெல்லாம் போதும்.

இறக்கும்போது அவிழ்க்கும் வரிசை முக்கியம். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்து முன் பிரேக்கை அழுத்தியிருக்க, முதலில் பின் பெல்ட், கடைசியாக முன் பெல்ட். ராட்செட்டைத் திறந்ததும் அமுங்கியிருந்த ஷாக் துள்ளி எழும், அந்த நொடியில்தான் பைக் பிடி நழுவிச் சாயும். பலகையில் பின்னோக்கி இறக்குங்கள், முதல் கியரில், எஞ்சின் அணைத்தபடி. கிளட்சை அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும். தரைக்கு வந்ததும் முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை நாலைந்து முறை அமுக்கிவிட்டு ஃபோர்க் குழாயைப் பாருங்கள். சீலுக்கு மேலே ஈரமாக எண்ணெய் வளையம் தெரிந்தால் வழியில் ஷாக் அளவுக்கு மீறி அமுங்கியிருக்கிறது. ஒருமுறை துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், மறுபடி கசிந்தால் சீலை மாற்ற வேண்டும்.